எதற்கும் முதலில் எனக்கு எழுது

முதலியார்பேட்டை, புதுச்சேரி
22.06.2025

அன்புத் தம்பி சந்திரமோகனுக்கு அக்கா தில்லையம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மருமகன் மதிவாணனும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். காரைக்கால் வெயிலில் நீயும் கலைவாணியும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று உங்கள் தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். மில்லில் இருபத்தாறு வருடம் நூல் சுற்றும் வைண்டிங் மிஷினில் நின்று காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் நான். போனில் நீ பேசுவது எனக்குக் கேட்காது. நான் கத்துவது தெருமுனை வரை கேட்கும். வாட்சப் இருப்பது மதியின் போனில். சொல்லப்போவது பக்கத்து வீட்டு விஷயம், நடுவில் இருப்பதோ ஒற்றைச் சுவர்.

சித்திரையில் பக்கத்து வீட்டுக்குச் செல்வகுமார் என்று ஒருவன் குடிவந்தான். மனைவி மேனகா, ஆறு வயதில் சங்கவி என்று ஒரு பெண். அவன் தொழில் சாவு வெடி. வெடி போடாமல் நம் பக்கத்தில் பிணம் தெருவைத் தாண்டாது, உனக்கே தெரியும். சாவு வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினால் ஆள்களோடு போய், ஊர்வலத்துக்கு முன்னால் வெடித்துக்கொண்டே சுடுகாடு வரை நடப்பான். அது அவன் பிழைப்பு. ஆனால் கொல்லைப்பக்கம் நடுப்பகலில் வெடித்துப் பார்க்கிறான். எனக்குக் காதில் விழாவிட்டாலும் அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடுகின்றன.

இதற்கு நூறுக்குப் போன் செய்யலாமா? தீயணைப்பு நிலையத்தில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன் நீ. எதற்குக் கூப்பிடலாம், எதற்குக் கூடாது? அங்கே கேட்கிற கேள்வி எனக்குக் கேட்காதே, அதற்கு என்ன வழி?

மதி இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியை விட்டு நின்றுவிட்டான். வேறு ஏதோ வேலைக்குப் போகிறான்.

அக்கா
தில்லையம்மாள்

காரைக்கால்
30.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததில் பாதி சந்தோஷம், நீ சண்டைக்குத் தயாராக இருக்கிறாய் என்று தெரிந்ததில் மீதி. கலைவாணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். போன வாரம் ஒருவர் நூற்றொன்றுக்கு அடித்து, "எதிர் வூட்ல கருவாடு வறுக்கிறாங்க, மூச்சு முட்டுது, வண்டி அனுப்புங்க" என்றார். நான் அந்த மாதிரி ஆட்களோடு தினமும் குடித்தனம் நடத்துகிறேன். அக்கா, கணக்கு இதுதான். நெருப்பு, ரத்தம், இந்த நிமிடமே போகப்போகிற ஓர் உயிர், இவற்றுக்கு மட்டும் கூப்பிடு. சத்தத்துக்கு ஸ்டேஷனுக்கு நேரில் போய் ஒரு மனு எழுதிக் கொடு. சாவு வெடிக்குப் போலீசைக் கூப்பிட்டவள் என்று தெருவில் பெயர் வாங்காதே.

காது கேளாதவர்கள் கேள்விக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணை அடித்துப் பத்து எண்ணு. பிறகு இடம், வீட்டு எண், என்ன ஆபத்து, உள்ளே யார் இருக்கிறார்கள், இவ்வளவையும் மூன்று முறை சொல்லிவிட்டு வை.

மதிக்கு என்ன வேலை? நீ எழுதவில்லையே.

தம்பி
சந்திரன்

முதலியார்பேட்டை
17.07.2025

தம்பி சந்திரனுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது வீட்டுச் சாமிக்கண்ணு அண்ணனை எடுத்தார்கள். செல்வகுமாரின் ஆட்கள் முன்னால் வெடி போட்டுக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போய் நூறுக்கு அடித்து, நீ சொன்ன மாதிரி மூன்று முறை சொன்னேன். போலீஸ் வந்து பாடையைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தது. எனக்குப் புரியட்டும் என்று முகத்துக்கு நேராக நின்று ஒருவர் கேட்டார்: "ஏம்மா, நேத்து பீச்சுல பிரெஞ்சுக்காரங்க விழாவுக்கு வாணம் வுட்டாங்களே, அதுக்கும் போன் பண்ணியா?" தெருவே சிரித்தது. செத்தவர் வீட்டில் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் மருமகள் என்னைப் பார்த்து, "பொணத்த நிறுத்தினவ நல்லாருப்பாளா" என்று சொன்னது உதட்டில் தெரிந்தது.

யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது குழாயடியில் என் குடத்துக்கு யாரும் இடம் விடுவதில்லை. மதி இரண்டு நாளாக என் கையால் சாப்பிடவில்லை. சங்கவி மட்டும் வந்து கையில் பூந்தியை வைத்துவிட்டு ஓடினாள்.

அக்கா

காரைக்கால்
25.07.2025

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம். உன்னை நினைத்துத்தான் கலைவாணிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கோபப்படாதே, படித்ததும் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு வருத்தமாக இருந்தது. இப்படி ஒரு தரம் கூப்பிட்டால் அடுத்த தரம் நிஜமாகவே அவசரம் என்றாலும் அந்த வீட்டுப் பெயரைக் கேட்டதும் எங்களைப் போன்றவர்கள் பேனாவை மெதுவாகத்தான் எடுப்போம். அதைத்தான் முன்பே சொன்னேன்.

இனி நீயாக எதுவும் செய்யாதே. எது நடந்தாலும் எதற்கும் முதலில் எனக்கு எழுது. கூப்பிடத் தகுந்ததா இல்லையா என்று நான் சொல்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

மதி ஏன் உன்மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறான்? செத்தவர் நமக்குச் சொந்தம்கூட இல்லையே.

சந்திரன்

முதலியார்பேட்டை
12.08.2025

தம்பிக்கு,

சரி. நீ கேட்ட ஒரு வரி அது. நாங்கள் இருக்கிறோம். கலைவாணிக்கு நொச்சித்தழை ஒத்தடம் கொடுக்கச் சொல்.

முதலில் உனக்கு எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் இப்போது வெடித்துப் பார்ப்பதில்லை. மதிய நேரத்தில் ஆட்டோவில் மூட்டைகள் வருகின்றன. சுவரில் கையை வைத்தால் உள்ளே ஏதோ ஓடுவது தெரிகிறது, வைண்டிங் மிஷின் மாதிரி. சங்கவியின் பாவாடையில் வெள்ளித்தூள் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன், விரல் இரண்டு நாளைக்கு மினுக்கியது. தீக்குச்சி உரசின வாசனை எந்நேரமும் இருக்கிறது. மேனகா வந்து, "யக்கா, பின்பக்க செவுரு ஓரமா மட்டும் அடுப்பு வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தீபாவளிக்குச் செல்வகுமார் நிறைய ஆர்டர் பிடித்திருக்கிறானாம்.

நெருப்பு இல்லை, ரத்தம் இல்லை. உன் கணக்குப்படி இது கூப்பிடத் தகுந்ததா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்படி யாராவது கூப்பிட்டால், பிடித்துப் போவது முதலாளியை மட்டுமா, கூலிக்கு அரைத்துக் கொடுப்பவர்களையும் சேர்த்தா? எத்தனை வருடம் போடுவார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

காரைக்கால்
09.09.2025

அன்பு அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். பயிற்சி என்று என்னை வெளியூர் அனுப்பிவிட்டார்கள். முடிந்ததும் விநாயகர் ஊர்வல டியூட்டி. உன் கடிதம் மேசையில் மூன்று வாரம் கிடந்திருக்கிறது. நேற்றுத்தான் படித்தேன்.

அக்கா, வெடி வெடிக்கிற சத்தம் வெறும் தொந்தரவுதான். சத்தமே இல்லாமல் மருந்து அரைக்கிறார்களே, கூப்பிட வேண்டியது அதற்குத்தான். நான் உனக்குச் சொன்ன கணக்கில் அது இல்லாமல் போனது என் தப்பு.

உடனே மதிக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் அங்கேர்ந்து காலி பண்ணியாச்சு மாமா. அம்மாக்கு சந்தேகம், சும்மா எழுதிக்கினு கெடக்குது" என்றான். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் நீயே உன் கையால் எழுதி அனுப்பு. பக்கத்து வீட்டில் இப்போது ஒன்றும் இல்லையா?

கூலிக்காரர்களைப் பற்றி ஏன் கேட்டாய்?

சந்திரன்

முதலியார்பேட்டை
15.09.2025

அன்புள்ள தம்பி,

நலம். நலமறிய ஆவல்.

மதி சொன்னது சரிதான். பக்கத்து வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை. நீ கவலைப்பட வேண்டாம். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு
தில்லையம்மாள்

காரைக்கால்
23.09.2025

அக்கா,

ஐம்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. நலமறிய ஆவல் என்று நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. கலைவாணியின் முழங்காலைக் கேட்காமல், யாரையும் திட்டாமல், நீ ஒரு கடிதத்தை முடித்ததும் இல்லை. பக்கத்தில் யாரும் நின்றுகொண்டு எழுதவைத்தார்களா?

மதி போனை எடுப்பதில்லை. புதுச்சேரிக் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை ரிசீவரைத் தூக்கினேன். காலி வீட்டுக்கு வண்டி அனுப்பினான், அக்காவுக்குத் தப்பாத தம்பி என்று பேசுவார்களே என்று மூன்று முறையும் வைத்துவிட்டேன். எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நேராகக் கேட்கிறேன். மதி எங்கே வேலை செய்கிறான்?

சந்திரன்

முதலியார்பேட்டை
02.10.2025

என் தம்பிக்கு,

நீயாவது நன்றாக இரு.

மதி ஜூன் மாதத்திலிருந்தே செல்வகுமாரிடம்தான் வேலை செய்கிறான். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். சத்தத்துக்காக நான் ஒருநாளும் உன்னைக் கேட்கவில்லை. சாமிக்கண்ணு அண்ணன் ஊர்வலத்தில் முன்னால் வெடி போட்டுக்கொண்டு போனது என் பிள்ளை. சின்ன விஷயத்தில் பிடித்து ஒரு ராத்திரி உட்காரவைத்து அடித்து அனுப்பினால் பெரிய விஷயத்துக்குப் போகமாட்டான் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உன்னிடம் பொய் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லை. எல்லாம் என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டது. என் வாயை அடைக்க செல்வகுமார் கண்டுபிடித்த வழி அது. இனி நான் கூப்பிட்டால் என் வீட்டுக்குத்தான் வண்டி வரும். போன கடிதத்தை எழுதும்போது மதி பக்கத்தில் நின்றிருந்தான்.

காலையில் எழுந்ததும் மூட்டைகளை எண்ணுகிறேன். பதினாறு இருக்கின்றன. மதியின் இடக்கையில் இரண்டு விரல் வெந்து தோல் உரிந்திருக்கிறது. எண்ணெய்ச் சட்டி என்கிறான். என் பிள்ளை எப்போது சமைத்தான்? சங்கவி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள்ளே உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுகிறாள். சின்னக் கை, இறுக்கமாக வருகிறது என்று அவள் அப்பனுக்குப் பெருமை.

நேற்று ஆயுத பூஜை. அரைக்கிற மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்து, "யம்மா, சூடம் ஏத்து" என்று மதி என்னிடம் தட்டைக் கொடுத்தான். வருடா வருடம் மில்லில் மிஷினுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. நான் தட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டேன். நடுத்தெருவில் ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால் மதி வாசலில் நிற்கிறான், முகம் வெளுத்துப் போயிருந்தது. என்ன கேட்டோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. பயந்துவிட்டான், இனிமேல் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். சாயங்காலம் மறுபடி மிஷின் ஓடியது.

கூப்பிட்டால் பிள்ளை ஜெயிலுக்குப் போவான். கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதலில் எனக்கு எழுது என்று சொன்னாய். எழுதிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுது, செய்கிறேன்.

அக்கா

காரைக்கால்
08.10.2025

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் நேற்றுக் காலை பத்து மணிக்குக் கைக்கு வந்தது. நின்றபடியே படித்துவிட்டு, இந்தத் தடவை வைக்காமல், புதுச்சேரிக்கு அடித்தேன். முகவரியைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்தவர், "அந்த வூடா சார்? நேத்தே போய்ட்டு வந்துட்டமே" என்றார். அவரே சொன்னார்: "ஒரு அம்மா சார். நாம இன்னா கேட்டாலும் காதுல வாங்கல. எடம், நம்பரு, வெடிமருந்து மூட்டைனு சொல்ட்டு, உள்ள எம்புள்ள இருக்கான், ஒரு சின்னப் பொண்ணும் இருக்குதுன்னாங்க. மூணு தபா சொன்னாங்க. மூணாவது தபா அழுதுட்டாங்க."

எனக்காகக் காத்திருந்தாய் அல்லவா? நான்கு நாள். உன் வீட்டு அறையில் அதை வைத்துக்கொண்டு, இங்கிருந்து வரப்போகிற ஒரு தபாலுக்காகக் காத்திருந்தாய். நான்தான் அப்படிச் சொன்னேன். பத்தொன்பது வருடம் போன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன கற்றேன் என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

தீபாவளி முடியும்வரை எங்களில் ஒருவருக்கும் லீவு கிடையாது. இருபத்தோராம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். மதியைப் பிடித்துக்கொண்டு போனார்களாம், அவனுக்கு வக்கீல் பார்க்கிறேன்.

சந்திரன்

முதலியார்பேட்டை
15.10.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எனக்கு ஒன்றும் இல்லை. கலைவாணியை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல்.

உன்னை மன்னிக்க ஒன்றும் இல்லை. ஆறாம் தேதி தபால்காரர் நம் தெருவுக்கு வந்தார், உன் கடிதம் இல்லை. பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு சங்கவி உள்ளே போனாள். அதற்கு மேல் எனக்குக் காத்திருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். மதி ஓடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினான். செல்வகுமார் அன்றே எங்கோ போய்விட்டான்.

என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சந்தோஷப்படுகிறேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. போலீஸ் எழுதிக்கொண்டு போனது பதினோரு மூட்டை. அன்று காலை நான் எண்ணியது பதினாறு. நான் ரேஷன் கடைக்குப் போய்வந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து போயிருக்கிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சின்னப்பொண்ணு, ஆட்டோ ஒன்றும் வரவில்லை என்று சத்தியம் செய்கிறாள். கையால் தூக்கித்தான் போயிருக்கிறார்கள். ஆக, இந்தத் தெருவிலேயே யார் வீட்டிலோ இருக்கிறது.

திங்கட்கிழமை காலாப்பட்டு ஜெயிலுக்கு மனு போட்டு மதியைப் பார்த்தேன். அங்கே பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், நடுவில் வலை. நானும் கத்தினேன்: "மீதி அஞ்சு மூட்ட எங்கடா?" என் சத்தம் எனக்குத் தெரியாதே. எல்லா போலீசும் திரும்பிப் பார்த்தார்கள். மதி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பெற்றவளே இரண்டாவது தரமும் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்திருப்பான்.

நேற்று மறுபடி நூற்றொன்றுக்கு அடித்தேன். வந்தார்கள். எந்த வீடு என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். இரண்டு வீட்டைப் புரட்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. தெருவே கூடி என்னைத் திட்டியது. "இனிமே சும்மா கூப்பிட்டா ஒம்மேலதாம்மா கேசு" என்று எழுதியே காட்டிவிட்டுப் போனார்கள்.

இன்று காலை மேனகா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஜன்னலில் சங்கவி மட்டும் தெரிந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, புதுப் பாவாடையை விரித்துக் காட்டினாள். அவள் உட்கார்ந்திருந்தது கட்டில் என்று நினைத்தேன். அந்த மூட்டைகளை அடுக்கிவைத்து, மேலே பாய் போட்டு, அதன் மேல் அவளை உட்காரவைத்திருக்கிறார்கள்.

உடனே போன் செய்தேன். வீட்டைச் சொன்னேன், குழந்தையைச் சொன்னேன். ஒரு மணி நேரமாகிறது, வண்டி வரவில்லை. உனக்கும் அடித்துப் பேசினேன். நீ எடுத்தாயா, அது அடித்துக்கொண்டே இருந்ததா, எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போதே பிள்ளைகள் தெருவில் வெடிக்கட்டோடு நிற்கிறார்கள்.

மேனகா வாசற்படியில் போய் உட்காரப்போகிறேன். நெருப்போடு யாரையும் அந்தப் பக்கம் விட மாட்டேன். கதவு திறந்தால் சங்கவியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

இது உன் கைக்கு வர மூன்று நாளாகும் என்று தெரியும். நான் சொன்னால் நம்புவதற்கு வேறு யாரும் இல்லை.

அக்கா
தில்லையம்மாள்